அலுப்பு போன கேபிள்

ஏ, உக்காருங்கப்பா, உக்காருங்க, நிக்கதுக்கு இங்க பஸ்ஸா வருது. கடைசி வரிசைல குசுகுசுன்னு பேசுத ரெண்டு பேரும் ஆளுக்கொரு கடலமுட்டாய வாயில போட்டு அடச்சிக்கிடுங்க, செல்போன அமத்தி மடியில வைங்க, கொட்டாவி விடுதவுக தாராளமா விடலாம், ஏன்னா இது கொட்டாவி பத்துன கதைதான், ஆனா சத்தம் வரக் கூடாது, எனக்குப் போட்டியாப் போயிரும்.

தூத்துக்குடிக்கு வெளிய ஆவரங்காடு ஹவுசிங் போர்டுன்னு ஒண்ணு. ஏ பிளாக், பி பிளாக்குன்னு ரெண்டே கட்டடம், ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி, நடுவுல பத்தடிச் சந்து, சந்துல ஒரு அடிபம்பு. அங்க இருந்த சனம் பூராவும் அலுத்த சனம். உப்பளத்துல உப்பு வாருன அலுப்பு, எறா கம்பெனில ஐஸுக்குள்ள கைய விட்டுத் தோலு உரிச்ச அலுப்பு, திருச்செந்தூர் ரூட்டுல நின்னுக்கிட்டே டிக்கெட்டு கிழிச்ச அலுப்பு, எட்டாங்கிளாஸுக்கு அதே கணக்கப் பத்தொம்பது வருசமாச் சொல்லிக் குடுத்த அலுப்புன்னு, சாயங்காலமானா ரெண்டு படிக்கட்டுலயும் அலுப்பு வரிசையா ஏறி வரும். "எப்படி இருக்கிய"ன்னு கேட்டா ஒருத்தராவது "நல்லா இருக்கேன்"னு சொன்னதில்ல, "இருக்கோம்ம்ம்"னு கடைசி எழுத்த இழுத்துக்கிட்டே போயி கதவச் சாத்திக்கிடுவாவ.

ஏ பிளாக் மாடியில லிங்கத்துரைன்னு ஒரு போட்டோகாரன். கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு, எதுனாலும் படம் புடிப்பான். அவனுக்கு நேர் எதிர்த்தாப்புல பி பிளாக் மாடியில ஆவுடைத்தங்கம். வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சி, லிங்கத்துரை எடுத்த படத்த எல்லாம் ஆல்பமா அடுக்கிக் குடுக்குதவ, ஆறுமுகநேரி மாப்பிள்ளைக்குப் பின்னால பனிமலையக் கொண்டாந்து நிறுத்துதவ, அழுத பொண்ணோட கண்ணுல செவப்ப எடுத்துட்டு வெள்ளையப் போடுதவ. ஆவுடை பேச மாட்டா. ஒரு நாளைக்கி எட்டு வார்த்த பேசிட்டான்னா மறுநாளு தொண்ட கட்டிக்கிடும். அவ பேசாத பேச்ச எல்லாம் சேத்துப் பேசுறதுக்குன்னே பொறந்தவன் அவ புருசன் அருணகிரி. மைக்செட்டு அருணகிரின்னா சுத்துவட்டாரத்துக்கே தெரியும்; கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஹாரன் கட்டிட்டு, "அல்லோ, அல்லோ, ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு ஆரம்பிச்சான்னா நாப்பது வரைக்கும் எண்ணிட்டுத்தான் மைக்க விடுவான், அதுக்கு நடுவுல காலனிக்காரன் ஒவ்வொருத்தன் குரலையும் எடுத்துப் பேசி, சாமியே வில்லுப்பாட்ட மறந்துட்டு இவன் வாயப் பாக்கும்.

இந்த ரெண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே பாடு என்னன்னா, அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்க படம் இந்தக் கம்ப்யூட்டருக்கு வரணும். சீடியில போட்டா ரெண்டுல ஒண்ணு வாயத் தொறக்காது. அதனால லிங்கத்துரை அவன் கம்ப்யூட்டர் டப்பாவ ஓயர் எல்லாம் உருவி, துண்டுல சுத்தி, கைப்பிள்ளயத் தூக்குத மாதிரி நெஞ்சோட அணச்சிக்கிட்டு, ஒரு மாடி எறங்கி, சந்தத் தாண்டி, ஒரு மாடி ஏறி, படத்த ஏத்திக் குடுத்துட்டு, மறுபடியும் அணச்சிக்கிட்டு வருவான். வைகாசி மாசம் ஒரே வாரத்துல நாலு கல்யாணம் வந்துச்சு. நாலாவது கல்யாணத்துப் படத்தோட படியில நின்னவன் அப்படியே டப்பாவக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிட்டான்.

"ஏல லிங்கம், எதுக்குல இந்தப் பாடு? ஒன் வீட்டுலருந்து எங்க வீட்டுக்கு ஒரு கேபிள இழுத்துருவோம். ஊரு ஊருக்கு ஓயர் கட்டுதவன் நான், பத்தடிச் சந்து பெரிசா?"ன்னான் அருணகிரி.

டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தரு அவனுக்கு வெவரம் சொன்னாரு. உள்ள எட்டுக் கம்பி, ஆரஞ்சு, பச்ச, நீலம், காவின்னு கலர் கலரா. ரெண்டு மெஷினு நேருக்கு நேரா பேசணும்னா கம்பிய மாத்தி மாத்திக் கட்டணும், இவன் வாயி அவன் காதுக்குப் போகணும், அவன் வாயி இவன் காதுக்கு வரணும்னாரு. அருணகிரி எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டிட்டு வந்தான். வீட்டுல உக்காந்து கம்பியச் சீவும்போதுதான் அவனுக்கு ரோசனை வந்துச்சு. இருபத்தி மூணு வருசம் மைக்செட்டு போட்டவனுக்குத் தெரியாதா? மைக்கு பேசணும், ஹாரன் கேட்டுச் சத்தம் போடணும். ஹாரன் சத்தம் திரும்பி மைக்குக்குள்ள போச்சுன்னா 'கூஊஊய்'னு கத்தி, கூட்டத்துல கெழவன் கெழவி காதப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிப் போயிருவாவ. 'படிச்சவருக்கு இது தெரியல பாரு'ன்னு அவனுக்குள்ள சிரிச்சிக்கிட்டு, லிங்கத்துரை பக்கத்துக்கு வாய மட்டும் வச்சான், ஆவுடை பக்கத்துக்குக் காத மட்டும் வச்சான், திரும்பி வார கம்பியக் கவனமா, நறுக்குன்னு, வெட்டி விட்டுட்டான்.

அப்படிக் கட்டுனா வேலையே செய்யாதும்பான் தெரிஞ்சவன். ஆவரங்காட்டுல செஞ்சுது.

மாடிக்கு மாடி கேபிள் தொங்குன அன்னைக்கி மத்தியானம் லிங்கத்துரை கம்ப்யூட்டர் முன்னால ஸ்டூல்ல உக்காந்திருக்கான், கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு, தோளு காதத் தொடுது. அருணகிரி பக்கத்துல நின்னு, கையில இல்லாத மைக்கப் புடிச்சிக்கிட்டு, "இதோ, இப்போது, எழுநூற்றுச் சொச்சம் புகைப்படங்கள்"னு அறிவிப்பு குடுத்துட்டு, எதிர் மாடியப் பாத்து, "ஏட்டி ஆவுடை, வருதா?"ங்கான். ஆவுடை கைய மட்டும் தூக்கிக் காட்டுதா. இங்க திரையில, எம்புட்டு போயிருக்குன்னு காட்டுத பச்சக் கட்டம் ஒண்ணு ஒண்ணா நெறையுது. லிங்கத்துரை கொட்டாவி விட ஆரம்பிச்சான். ஆரம்பிச்ச கொட்டாவி பாதியில நின்னு போச்சு. மிச்சக் கொட்டாவிய எதிர் மாடியில ஆவுடை விட்டு முடிச்சா.

கட்டம் நெறஞ்சதும் லிங்கத்துரை எந்திரிச்சான் பாருங்க, பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி. தோளு எறங்கியிருக்கு, கண்ணு வெளுத்திருக்கு. நேரா போயி மூணு வருசமா அவன் பொண்டாட்டி பிரம்மசக்தி நகத்தச் சொன்ன பீரோவ ஒத்தக் கையால நகத்தி வச்சிட்டு, "வேற என்ன செய்யணும்?"னான்.

பிரம்மசக்தி கிட்ட வந்து மோந்து பாத்தா. "குடிச்சிருக்கியளா?"

"இல்லளா. அலுப்பு போயிட்டு. கேபிள் வழியாப் போயிட்டு."

"அப்பம் நானும் உக்காருதேன், எந்திரிங்க"ன்னா அவ. அம்புட்டுதான். எப்படி, ஏன்னு ஒரு கேள்வி இல்ல. அலுத்தவுக கேள்வி கேக்க மாட்டாவ, வரிசையிலதான் நிப்பாவ.

மறுநாளே வரிசை படியெறங்கி, அடிபம்பச் சுத்தி நின்னுச்சு. நாளாக நாளாக அதுக்கு ஒரு மொறையும் வந்துட்டு: செருப்ப வாசல்ல விடணும், ஸ்டூல்ல உக்காரணும், இடது கைய டப்பா மேல வைக்கணும்; லிங்கத்துரை அந்த அலுத்த மூஞ்சிய ஒரு படம் எடுப்பான், அந்தப் படத்த அந்தப் பக்கம் அனுப்புவான், கட்டம் நெறஞ்சதும் எந்திரிச்சிப் போயிரலாம், எந்திரிக்கும்போது "வாரேன்"னு சொல்லக் கூடாது, சொன்னா அலுப்பும் கூடவே வந்துரும்னு யாரோ கெளப்பி விட்டுட்டாவ. டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வச்சது பிரம்மசக்தி. வேதக்கோயிலுக்குப் போறவுக அதுக்குப் பக்கத்துலயே ஒரு மெழுகுதிரிய ஏத்துனாவ.

அலுப்புலயும் எத்தன தினுசுங்கிய? கண்டக்டர் அலுப்பு பதினாலு நிமிசம் ஓடும். கணக்கு டீச்சர் அலுப்பு விறுவிறுன்னு போயி, கடைசிக் கட்டத்துல வந்து நின்னுக்கிட்டு நகர மாட்டேன்னு அடம் புடிக்கும். எறா கம்பெனிப் பொம்பளைக அலுப்பு ஏறும்போது கேபிள் மேல பனி படிஞ்சி சொட்டுச் சொட்டா சந்துல விழும். ரெண்டாம் நம்பர் வீட்டுல சும்மாவே இருக்க பொன்னுமாடன் ஒரு நாளு வந்து, "எனக்கும் அலுப்புதான்"னு உக்காந்தான். பச்சக் கட்டம் ஒண்ணுகூட வரல, மெஷினு தானா அணஞ்சிட்டு. சங்கத்துச் செயலாளரு தானியேல் சார், தாலுகா ஆபீஸ்ல ரிட்டயர்டு ஆனவரு, மைக்கு இல்லாட்டியும் மைக்குல பேசுத மாதிரியே பேசுவாரு. அவரு உக்காந்து, "இதன் மூலம் நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்"னு ஆரம்பிச்சி, கட்டம் நெறையுத வரைக்கும் நிறுத்தல. அதக் கேட்டு நின்னவுக அலுப்புக்கு மறுபடியும் மொதல்லருந்து ஒரு கட்டம் ஓடுச்சு.

காலனி துள்ளுச்சு. பன்னெண்டு வருசமா ஒழுகுன தண்ணித்தொட்டியப் பூசுனாவ, படிக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சாவ, உப்பளத்துப் பொம்பளைக வேல விட்டு வந்து கும்மி அடிச்சாவ, மத்தியானத்துல படுக்க ஒரு ஆளு கெடையாது. அருணகிரிக்குத் தரையில காலு பாவல. போற கொடை எல்லாம், "கேபிள் கட்டியது ஆவரங்காடு அருணகிரி சவுண்டு சர்வீஸ்"னு அவனே அறிவிச்சிக்கிடுவான். அவனும் தெனம் உக்காந்தான். ஹாரனத் தூக்கிப் பனைமரத்துல ஏறுன அலுப்பு, வண்டி தள்ளுன அலுப்பு, சிரிக்க வச்ச அலுப்பு. ஆமா, சிரிக்க வைக்கதுலயும் ஒரு அலுப்பு உண்டு, அதத்தான் அவன் யாருகிட்டயும் சொன்னதில்ல, ஸ்டூல்ல மட்டும் எறக்கி வச்சான்.

எதிர் மாடிய யாரும் பாக்கல. அலுப்பு போகுதுல்லா, எங்க போகுதுன்னு எவன் கேப்பான்?

மொதல்ல அந்த வீட்டுச் சொவருல இருந்த கடிகாரம் நொண்டுச்சு. பெறவு உல கொதிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. பி பிளாக் கம்பியில வந்து உக்காந்த காக்கா கரையாம அப்படியே கண்ண மூடுச்சு. கொசு வந்து கையில உக்காரும், கடிக்கத் தெம்பில்லாம உக்காந்தே இருக்கும். ஆவுடை எட்டு வார்த்தையில இருந்து அஞ்சுக்கு வந்தா, மூணுக்கு வந்தா, பெறவு தலைய மட்டும் ஆட்டுனா. அருணகிரிக்குக் காலைக் காப்பி பத்து மணிக்கு வந்துச்சு, பெறவு மத்தியானம் வந்துச்சு; ஒரு நாளு அந்தி சாய வந்த காப்பியக் குடிச்சிட்டு, "எதும் கொழுப்பாட்டி ஒனக்கு?"ன்னு கேட்டு, அவ குரலையே எடுத்துப் பேசி, அவ நடக்க நடைய நடந்து காட்டி, அடுப்படியில நின்னு சிரிச்சான். அவளும் சிரிக்கத்தான் பாத்தா. ஒதடு பாதி வரைக்கும் போயிட்டு எறங்கிட்டு.

ஆனா ஆல்பம் மட்டும் நிக்கல. பனிமலை பனிமலையா வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஆவணி மாசம் ஒரு நாளு காலையில அருணகிரி எந்திரிச்சி வாரான், ஆவுடை கம்ப்யூட்டர் முன்னால நாக்காலியில இருக்கா. முந்தின நாளு பாத்த அதே சேல. "ஏட்டி, எந்திரி"ங்கான். எந்திரிக்கல. கையப் புடிச்சித் தூக்குதான், ஆட்டுக்கல்லத் தூக்குத மாதிரி இருக்கு. நாலு வீட்டு ஆம்பளைக வந்து, அலுப்பில்லாத ஆம்பளைக, தொட்டிக்கு மண்ணு சொமந்த தோளு எல்லாம், "ஏலேலோ"ன்னு சேந்து தூக்குனாவ. ஒரு நூலு அசையல. குனிஞ்சி பாத்தா நாக்காலிக்காலு நாலும் சிமிண்டுத் தரைக்குள்ள ரெண்டு வெரக்கட ஆழம் எறங்கியிருக்கு. அவ மூச்சு மட்டும் வருது. ஒண்ணு வந்துட்டு அடுத்தது வார வரைக்கும் அருணகிரி எண்ணுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாப்பது வரைக்கும் எண்ணிட்டான். அன்னைக்கித்தான் அவனுக்கு அந்த எண்ணிக்கையில பயம் வந்துச்சு. இன்னும் ஒரு ஆளு அலுப்பு ஏறுனா மூச்சு திரும்பாதுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு.

கூட்டம் கலஞ்ச பெறவு அவ முன்னால இருந்த திரையப் பாத்தான். வந்த படத்த எல்லாம் வீட்டு நம்பரு வாரியா, பேரு வாரியா, வரிசையா கட்டம் கட்டமா அடுக்கி வச்சிருக்கா. ஆறாம் நம்பர் கண்டக்டர். பதினொண்ணு கணக்கு டீச்சர். ஒவ்வொண்ணத் தொறந்தாலும் அந்த ஆளோட அலுத்த மூஞ்சி, இருபது, முப்பது. எதையும் அழிக்கல. அழிச்சா அவுகளுக்கு என்னமும் ஆயிரும்னு பயந்தாளோ என்னமோ. இருக்கதுலயே பெரிய கட்டம் எதுன்னு பாத்தான். அருணகிரின்னு இருந்துச்சு. தொறந்தான். சிரிக்காத அருணகிரி. வாயி தொங்குன அருணகிரி, கண்ணுக்கடியில பை விழுந்த அருணகிரி, தெனத்துக்கு ஒண்ணு. அந்த மூஞ்சிய அவன் அதுவரைக்கும் கண்ணாடியிலகூடப் பாத்ததில்ல. அவ மூணு மாசமா அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஆவுடைன்னு ஒரு கட்டம் இருக்கான்னு மேலயும் கீழயும் தேடுனான். இல்ல.

அவனுக்கு வெட்டி விட்ட கம்பி ஞாபகம் வந்துச்சு. பேசுத முனை அங்க, கேக்குத முனை இங்க. திரும்பிப் போக வழி வைக்காதவன் அவன்தான்.

"கேபிள உருவிப் போடலாம்லா?"ன்னா லிங்கத்துரையோட அங்கயே நின்ன பிரம்மசக்தி.

"உருவுனா புதுசு வராது. வந்தது எங்க போகும்? முனைய மாத்திச் சொருகணும். வாயி இவ பக்கம், காது ஒங்க பக்கம். பெறவு அவனவன் வந்து ஸ்டூல்ல உக்காந்து அவனவனத வாங்கிக்கிடணும்"னான் அருணகிரி.

லிங்கத்துரை மென்னு முழுங்கிக்கிட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, நாளைக்கி ரெண்டு கல்யாணம். ஆவணி முடியட்டுமே. மைனி என்ன, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே."

வாய்க்கு வாய் பதில் வச்சிருக்க அருணகிரி நேரா கேபிளுகிட்ட போனான். இந்தப் பக்கத்து முனைய உருவுனான், பால்கனி வழியா கேபிள இழுத்து, திருப்பி, அங்கயும் இங்கயும் நடந்து, முனைய மாத்திச் சொருகுனான். லிங்கத்துரை வீட்டு ஸ்டூல்ல உக்காந்து, கைய டப்பா மேல வச்சி, ஆவுடை மெஷினுகிட்ட நின்ன லிங்கத்துரையப் பாத்து, "என் பேரு போட்டிருக்க கட்டத்த அனுப்புல, லிங்கம்"னான். பச்சக் கட்டம் நெறஞ்சுது. ஒரு மணி நேரம். அவன் தோளு கூனுச்சு, வாயி தொங்குச்சு, மூணு மாசத்துப் பனைமரமும் வண்டியும் ஒண்ணா வந்து முதுவுல ஏறுச்சு, காய்ச்சக்காரன் மாதிரி வெடவெடன்னு நடுங்குனான், வெயில்ல நின்னும் குளிர்ல பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்கிட்டு. படி எறங்கி, பத்தடிச் சந்தத் தாண்டி, படி ஏறி வீட்டுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆயிட்டு. நடுவுல அடிபம்பப் புடிச்சிக்கிட்டு ரெண்டு தடவ உக்காந்தான்.

வந்து பாத்தா வீட்டுக்குள்ள காலனியே நிக்கி. ஆவுடையத் தூக்க முடியலன்னு சங்கத்துக் கூட்டத்த அங்கயே போட்டுட்டாவ. அருணகிரி நெலப்படியில சாஞ்சிக்கிட்டு, நடுங்குத வாயால, "என்னுத நான் எடுத்துட்டேன். ஒங்களது ஒங்களது நீங்க எடுத்துக்கிடுங்க. இல்லன்னா அவ செத்துருவா"ன்னான். அவன் குரலு அவன் குரலாவே இருந்ததால யாருக்கும் சட்டுன்னு அடையாளம் தெரியல.

"எடுக்கோம், யாரு மாட்டேன்னா?"ன்னாரு கண்டக்டரு. "தசராவுக்கு ஸ்பெஷல் பஸ்ஸுல போவணும், அது முடியட்டும்."

"காலாண்டுப் பரீட்ச வருது"ன்னாவ டீச்சர்.

"நான் குடுத்ததே எட்டுப் பத்து படந்தான், பெரிய கட்டமா வச்சிருக்கவுக மொதல்ல எடுங்க"ன்னா ஒருத்தி.

"என்ன இருந்தாலும் ஆவுடை மாதிரி தாங்குதவ இந்தக் காலத்துல உண்டுமா?"ன்னா பிரம்மசக்தி. எல்லாரும் 'ச்சு'ன்னாவ. ரெண்டு பேரு அவ காலத் தொட்டுக் கும்பிட்டாவ. கும்பிட்டுட்டுக் கதவுப் பக்கம் நகந்தாவ.

தானியேல் சார் தொண்டையச் செருமுனாரு. கக்கத்துல இருந்த பையில இருந்து பளபளன்னு சரிகை போட்ட பொன்னாடை ஒண்ண எடுத்து ஒதறுனாரு. "ஆவரங்காடு குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில், நம் அனைவரின் அயர்வையும் தன் தோளில் தாங்கிய, பொறுமையின் பெட்டகம், தியாகத்தின் சுடர், சகோதரி ஆவுடைத்தங்கம் அவர்களுக்கு"ன்னு கால்மணி நேரம் பேசி, அவ தோளச் சுத்திப் போத்தி விட்டாரு. கைதட்டுனாவ. லிங்கத்துரை ஒரு படம் எடுத்தான். "சொல்லும்மா, இந்தக் காலனி உனக்கு என்ன செய்யணும்?"னு கேட்டுட்டு, அவ எப்படியும் சொல்ல மாட்டாங்குத தைரியத்துல, கிளம்புறதுக்குச் செருப்பத் தேடுனாரு.

அருணகிரியோட அலுப்பு எறங்குன அளவுக்கு அவளுக்கு ஒதடு அசையத் தெம்பு இருந்துச்சு. நாக்காலி லேசா மொனங்குச்சு. ஆவுடை கையத் தூக்கி, அந்தப் பொன்னாடைய ஒரு தோளுலருந்து எடுத்தா, மறுதோளுலருந்து எடுத்தா, நாலா மடிச்சா, தானியேல் சார் கையில குடுத்தா.

"இத நீங்க போத்திக்கிடுங்க சார். மொத ஆளா ஸ்டூல்ல உக்காரப் போறிய, எந்திரிக்கும்போது நல்லாக் குளிரும்."